ஒரு வரிக்காக வந்த வக்கீல் நோட்டீஸ்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பத்திரிகையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

தெரிந்தவர் நடத்தும் ஒரு சிறிய மாதப் பத்திரிகையில் இவர் நீதிமன்றத் தீர்ப்புகளை எளிய தமிழில் விளக்கி எழுதிவருகிறார். வாரிசுச் சான்றிதழ், ஜீவனாம்சம், பட்டா மாறுதல் என்று பெரும்பாலும் சாதாரண மக்களுக்குத் தேவைப்படும் விஷயங்கள். அண்மையில் அவர் ஊர் ஏரி சம்பந்தப்பட்ட சிவில் வழக்கில் முன்சீப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரிப் புறம்போக்கு என்று ஊரார் சொல்லும் இடத்தைத் தன் பட்டா நிலம் என்று சொல்லி வழக்குப் போட்டவருக்கே தீர்ப்பு சாதகமானது. இவர் நகல் வாங்கிப் படித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினார். இடத்தை நேரில் பார்த்து வர நீதிமன்றம் அனுப்பிய வழக்குரைஞர் ஆணையரின் அறிக்கையையும், ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் நீதிமன்றம் கண்டுகொள்ளவே இல்லை என்பது கட்டுரையின் சாரம். கடைசி வரி இது: "தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு மாதம் முன்பே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், எவ்வளவு கைமாறியது என்பதுதான் தெரியவில்லை."

இதழ் வெளியான மூன்றாவது வாரம் வாதியின் வழக்கறிஞரிடமிருந்து இவருக்கும் ஆசிரியருக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. 15 நாளுக்குள் கட்டுரை முழுவதையும் திரும்பப் பெற வேண்டும், முதல் பக்கத்தில் நிபந்தனையற்ற மன்னிப்பு வெளியிட வேண்டும், 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் அவதூறு வழக்கும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வரும் என்கிறது நோட்டீஸ். "நான் யார் பெயரையும் போடவில்லை. ஊரில் பேசிக்கொண்டதைத்தான் எழுதினேன். தீர்ப்பு வந்த பிறகு யாரும் கருத்துச் சொல்லலாம்தானே? சட்டமன்றத்திலேயே நீதிபதியைப் பற்றிப் பேசக்கூடாது, நாம் எப்படிப் பேசலாம் என்று ஆசிரியர் பயப்படுகிறார். மகன் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இதோடு எழுதுவதை நிறுத்து என்கிறான்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த இதழுக்கு அதே மாவட்டத்தின் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தீர்ப்பு ஒன்றைப் பற்றிய கட்டுரையும் தயாராக இருக்கிறதாம். அதைப் போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

டீச்சர், நீங்கள் இணைத்திருந்த கட்டுரை, நோட்டீஸ், தீர்ப்பு நகல் மூன்றையும் படித்தேன். எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறவும் வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி வரியை உங்களால் காப்பாற்ற முடியாது. கட்டுரைக்குள் இன்னொரு பிழையும் இருக்கிறது. அது நோட்டீஸ் அனுப்பியவர் கண்ணிலேயே படவில்லை, எனக்குப் பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டீஸ் வந்தால் வழக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை

நோட்டீஸ் என்பது ஒரு தரப்பு தன் வக்கீல் மூலம் எழுதும் கடிதம். நீதிமன்றம் அனுப்பும் சம்மன் வேறு. 15 நாள் என்ற கெடுவை வைத்தவர் வக்கீல்தான், சட்டம் அல்ல. அதற்காகப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். பின்னால் வழக்கு வந்தால், கேட்டும் வாய் திறக்கவில்லை என்பதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள்.

அவமதிப்பு வழக்குப் போடுவேன் என்று வாதி மிரட்டுவதில் பாதி சும்மா. முன்சீப் நீதிமன்றம் போன்ற கீழமை நீதிமன்றத்தைக் குற்றவியல் ரீதியாக அவமதித்ததாகச் சொன்னால், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அந்த நீதிமன்றமே உயர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், அல்லது மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் மனு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் தானாகவும் எடுக்கலாம். வாதி நேராகப் போய் வழக்குப் போட்டுவிட முடியாது. எடுத்தால் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். ஓராண்டு கடந்துவிட்டால் நடவடிக்கையைத் தொடங்க முடியாது. உச்சபட்சத் தண்டனை ஆறு மாதம் வெறுங்காவல் (கடுங்காவல் அல்லாத சிறை), 2,000 ரூபாய் அபராதம்.

நிஜமான ஆபத்து அவதூறில்தான் இருக்கிறது. அங்கே யாருடைய அனுமதியும் வாதிக்குத் தேவையில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை இருக்கிறது. சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கேட்கலாம், அதற்குக் கட்டுரை வெளியானதிலிருந்து ஓராண்டு அவகாசம். 10 லட்சம் என்ற தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். நோட்டீஸில் எந்தத் தொகையும் எழுதலாம், வழக்கு என்று வந்தால் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும்.

தீர்ப்பு வேறு, தீர்ப்புச் சொன்னவரின் நேர்மை வேறு

உங்கள் ஆசிரியரின் பயத்துக்கு முதலில் பதில். உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பணியில் நடந்துகொள்ளும் விதத்தைச் சட்டமன்றத்தில் விவாதிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 211-ஆம் பிரிவும், நாடாளுமன்றத்துக்கு 121-ஆம் பிரிவும் சொல்வது உண்மை. அந்த வேலி சபைகளுக்குப் போட்டது. குடிமக்களுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. நமக்கு இருப்பது 19(1)(அ) பேச்சுரிமையும், அதற்கு 19(2) அனுமதிக்கும் கட்டுப்பாடுகளும். நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு இரண்டும் அந்தக் கட்டுப்பாடுகளின் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன.

அவமதிப்புச் சட்டமே விமர்சனத்துக்கு வாசல் திறந்துதான் வைத்திருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாக, சரியாகச் செய்தியாக்கினால் 4-ஆம் பிரிவு பாதுகாக்கும். முடிவாகத் தீர்க்கப்பட்ட வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றிய நேர்மையான கருத்துக்கு 5-ஆம் பிரிவு. தீர்ப்பு தவறு, காரணம் பலவீனம், சான்றாவணத்தைப் படித்தவிதம் சரியில்லை, மேல்முறையீட்டில் நிற்காது என்று எவ்வளவு காட்டமாகவும் எழுதலாம். பள்ளிக்கூட டீச்சர் எழுதினால் என்ன, பார் கவுன்சில் உறுப்பினர் எழுதினால் என்ன, சட்டத்துக்கு ஒன்றுதான்.

'முடிவாக' என்ற இடத்தில் மட்டும் ஒரு சிக்கல். முன்சீப் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. அதுவரையிலும், மேல்முறையீடு போட்டால் அது தீரும்வரையிலும், சட்டத்தின் பார்வையில் வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது. அதனால் தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து 5-ஆம் பிரிவு உங்களுக்கு முழுக் கவசம் ஆகாது. ஆனாலும் ஒரு சிவில் தீர்ப்பின் காரணங்களை அலசுவது மேல்முறையீட்டு நீதிபதியின் கையைக் கட்டிவிடும் என்று யாரும் வாதிட்டு ஜெயிப்பது கஷ்டம். இந்தக் கோணத்தில் உங்களுக்குப் பெரிய ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பு எழுதினார் என்று சொல்லும்போதுதான் கதை மாறுகிறது. அது தீர்ப்பைப் பற்றிய கருத்து இல்லை, ஒருவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டு. நம் மாநிலத்தில் சமீபத்தில் நடந்த இரண்டைப் பாருங்கள். 2020-ல் நீட் தேர்வு பற்றி நடிகர் சூர்யா வெளியிட்ட அறிக்கையில், கொரோனா பயத்தில் வீடியோ கான்பரன்சில் நடக்கும் நீதிமன்றம் மாணவர்களைப் பயப்படாமல் போய்த் தேர்வு எழுதச் சொல்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அவமதிப்பு நடவடிக்கை எடுக்கக் கோரி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தலைமை நீதிபதிக்கு எழுதினார். அந்தப் பேச்சு தேவையற்றது என்று கண்டித்ததோடு நீதிமன்றம் விட்டுவிட்டது, நடவடிக்கை எடுக்கவில்லை. 2022-ல், உயர்நிலை நீதித்துறை முழுவதும் ஊழல் மலிந்திருக்கிறது என்று பேசியதற்காக யூடியூபர் சவுக்கு சங்கருக்கு மதுரைக் கிளை ஆறு மாதம் சிறைத்தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது நவம்பரில். அதுவரை அவர் உள்ளே இருந்தார்.

கோடு எங்கே என்பது இந்த இரண்டில் தெளிவாகத் தெரிகிறதே என்று நினைத்துவிடாதீர்கள். கேரள முதலமைச்சராக இருந்தபோது நீதிபதிகள் வர்க்கச் சார்போடு நடக்கிறார்கள் என்று சொன்ன ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அவமதிப்பில் தண்டிக்கப்பட்டார். 1970-ல் உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்ததே தவிர, குற்றம் நின்றது. 1988-ல் அதே உச்ச நீதிமன்றம், ஏறக்குறைய அதே மாதிரி, இன்னும் சூடான வார்த்தைகளில் பேசிய மத்திய சட்ட அமைச்சர் சிவசங்கர் மீது அவமதிப்பு இல்லை என்றது. ஒரே மாதிரிப் பேச்சுக்கு இரண்டு முடிவு. இந்த ஊசலாட்டம் இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து. நீதிமன்றத்துக்கு இழுக்கு உண்டாக்கும் பேச்சு என்ற வகைக் குற்றத்தை இங்கிலாந்து 2013-ல் முழுவதுமாகவே எடுத்துவிட்டது. நம் சட்ட ஆணையம் 2018-ல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. அது பெரிய விவாதம், உங்கள் நோட்டீஸுக்கு அதில் பதில் கிடைக்காது.

"பெயர் போடவில்லை, பேசிக்கொண்டதைத்தான் எழுதினேன்"

இந்த இரண்டு வாதமும் நிற்காது. வழக்கு எண், ஏரியின் பெயர், தீர்ப்புத் தேதி மூன்றையும் கட்டுரையில் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் இருப்பதோ ஒரே முன்சீப் நீதிமன்றம். படிப்பவருக்கு யாரென்று தெரிந்தால் போதும், பெயர் அச்சில் இருக்க வேண்டியதில்லை. டீக்கடையில் பத்துப் பேர் பேசியது பத்துப் பேரோடு போயிற்று, அச்சில் ஏற்றியது நீங்கள். 'கூறப்படுகிறது', 'பேசிக்கொள்கிறார்கள்' என்று போட்டால் பொறுப்பு தட்டிப்போகும் என்ற நம்பிக்கை பத்திரிகை உலகில் இன்னும் இருக்கிறது. சட்டம் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

நீங்கள் கவனிக்காத ஒன்று. 'கைமாறியது' என்று எழுதினால் வாங்கியவர் மட்டும் இல்லை, கொடுத்தவரும் இருக்கிறார். நீதிபதியைக் குத்துவதாக நினைத்து எழுதிய வரி வாதியை லஞ்சம் கொடுத்தவர் ஆக்கிவிட்டது. அவருக்கு நோட்டீஸ் அனுப்ப உரிமை கிடைத்தது அங்கேதான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவருடைய வக்கீலுக்கு எழுத எதுவுமே இருந்திருக்காது. அவதூறுச் சட்டத்தின் விதிவிலக்குகளில் ஒன்று தீர்ந்துபோன வழக்கின் தகுதியைப் பற்றியும், அதில் தரப்பினர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்தைப் பாதுகாக்கிறது. வழக்கில் இல்லாத, சாட்சி இல்லாத ஒரு பணப் பரிமாற்றத்தை அது பாதுகாக்காது.

உண்மையாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை நல்ல தற்காப்புதான். 2006-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை என்று நீதிமன்றம் ஏற்றால் அவமதிப்பிலிருந்தும் தப்பலாம். 2010-ல் ஆர்.கே. ஜெயின் வழக்கில், வரித் தீர்ப்பாயம் ஒன்றின் செயல்பாட்டை ஆதாரத்தோடு விமர்சித்த பத்திரிகை ஆசிரியர் பக்கம் உச்ச நீதிமன்றம் நின்றது. ஆனால் அவரிடம் ஆதாரம் இருந்தது. உங்களிடம் இருப்பது டீக்கடை. நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில்தான்.

அந்த நீதிபதி விலைபோனார் என்று நம்ப உங்களிடம் உருப்படியான காரணம் ஏதாவது இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவமதிப்பு ஆகாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே சொல்கிறது. உறுதிமொழிப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க விவரமும் சேர்த்து விஜிலன்ஸ் பதிவாளருக்கு அனுப்பலாம். அப்படி ஒன்றும் கையில் இல்லையென்றால் பத்திரிகையிலும் எழுத வேண்டாம்.

அந்த இன்னொரு பிழை

ஆணையர் அறிக்கையைத் தீர்ப்பு கண்டுகொள்ளவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பின் 19-ஆம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். நீளமான பத்தி, கடைசியில் இருக்கிறது: ஆணையர் சர்வேயரை அழைத்துப் போய் அளக்கவில்லை, அதனால் அறிக்கையைச் சார்ந்திருக்க முடியாது. ஆக, நீதிமன்றம் காரணம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணம் போதுமா என்பது வேறு கேள்வி, ஆனால் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. கருத்து எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம், அது நிற்கும் தகவல் தப்பாக இருக்கக்கூடாது. தகவல் பிசகினால் 'நேர்மையான விமர்சனம்' என்ற பாதுகாப்பு முழுவதும் ஆடிப்போகும்.

'அ' பதிவேட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது சான்றாவணப் பட்டியலில் இருக்கிறது, தீர்ப்பின் உடலில் எங்கும் இல்லை. அப்படியானால் கட்டுரையின் முடிவு இப்படி வந்திருக்கலாம்:

"சர்வேயரோடு அளக்கவில்லை என்று ஆணையர் அறிக்கையை நீதிமன்றம் தள்ளிவிட்டது. குறை அளவையில்தான் என்றால், சர்வேயரோடு மீண்டும் ஒருமுறை அனுப்பியிருக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை அதற்கு இடம் கொடுக்கிறது. அரசு தாக்கல் செய்த 'அ' பதிவேட்டைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. மேல்முறையீட்டில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வர வேண்டும்."

லஞ்ச வரியைவிட இது அந்தத் தீர்ப்புக்கு அதிகம் வலிக்கும். இதற்கு நோட்டீஸும் அனுப்ப முடியாது.

மன்னிப்பா, திருத்தமா

மகன் சொல்வதுபோல அவர்கள் கேட்கும் வடிவத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். கட்டுரை முழுவதும் பொய் என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தத் தாளை மேல்முறையீட்டிலும் யாராவது காட்டக்கூடும். அதற்காக 'ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்' என்று நிற்பதும் வீம்பு.

ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். நீங்களும் ஆசிரியரும் சேர்ந்து ஒரே பதில், ஏனென்றால் வெளியிட்டவருக்கும் பொறுப்பு உண்டு, ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் கெட்டது. அதில் மூன்று விஷயம் வரட்டும்: கட்டுரை பொதுநீர்நிலை பற்றிய தீர்ப்பின் மீதான விமர்சனம், அதில் உறுதியாக நிற்கிறோம்; கடைசி வரி தவிர்த்திருக்க வேண்டியது, அதைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவிக்கிறோம்; பணம் தர முகாந்திரம் இல்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கடைசி வரி நீக்கப்பட்டதையும் 19-ஆம் பத்தி பற்றிய திருத்தத்தையும் போடுங்கள். எங்கோ மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் வாதிக்கோ அவர் வக்கீலுக்கோ போன் செய்ய வேண்டாம். நோட்டீஸைப் பற்றி வாட்ஸ்அப் குழுவிலும் எழுத வேண்டாம், கோபத்தில் இன்னொரு வரி விழுந்துவிடும். கையெழுத்துப் பிரதி, குறிப்பு நோட்டு எதையும் கிழிக்காதீர்கள். நீங்கள் தீர்ப்பைப் படித்து, குறிப்பெடுத்து, யோசித்துத்தான் எழுதினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

போக்சோ கட்டுரையை நிறுத்துங்கள்

இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. வரைவில் குழந்தையின் பெயர் இல்லைதான். ஆனால் பள்ளி, தெரு, தந்தை பார்க்கும் வேலை மூன்றும் இருக்கின்றன. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிப்பாளரும் மாட்டுவார்.

அடையாளங்களை எல்லாம் எடுத்துவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. அந்த வழக்கில் பாலியல் வன்கொடுமைப் பிரிவுகளும் சேர்ந்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 73-ஆம் பிரிவுப்படி விசாரணை நீதிமன்ற நடவடிக்கை பற்றி அந்த நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் எதையும் அச்சிடக்கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு. சட்டம் தெரிந்த பலரே இதில் தடுக்கி விழுகிறார்கள். இந்த விஷயத்தைத்தான் எழுத வேண்டும் என்றால், குழந்தைச் சாட்சிகளை விசாரிக்கும் முறை பற்றி உயர் நீதிமன்றம் சொன்ன ஏதாவது ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் மாறாது, உங்கள் மாவட்டத்துக் குழந்தை வெளியே தெரியாது.

நீதிபதி விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்வதை எழுதலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். திறந்த நீதிமன்றத்தில் சொன்னது என்றால் எழுதலாம். தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொன்னதும், அதைச் செய்தியாக்கத் தடை கேட்டு ஆணையம் உச்ச நீதிமன்றம் போனதும் நினைவிருக்கும். வார்த்தை கடுமையானது என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், செய்தியைத் தடுக்க மறுத்துவிட்டது. எழுதும்போது அது பேச்சு, உத்தரவில் வந்தது அல்ல என்பதை மட்டும் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸை அது வந்த தபால் உறையோடு எடுத்துப் போங்கள், உறையில் இருக்கும் தேதி முத்திரை பயன்படும். கட்டுரை வந்த இதழின் மூலப்பிரதி, 19-ஆம் பத்தியைக் கோடிட்ட தீர்ப்பு, உங்கள் குறிப்பு நோட்டு, நீங்கள் எழுதிய திருத்தத்தின் வரைவு, இவ்வளவும் இருந்தால் ஒரே சந்திப்பில் பதில் தயாராகிவிடும். கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்), போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் விதத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.